குழுவில் சேர்ந்தால் சிறு உழவருக்கு என்ன பயன்? கொல்லிமலை தரும் பாடம்



"ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்" என்பது நம் முன்னோர் சொன்ன மொழி. தேரை ஒருவர் தனியே இழுக்க முடியாது. ஆனால், தம் வீட்டு ஏரை இழுக்க ஊர் கூட வேண்டியதில்லை. எந்த வேலைக்கு ஊர் கூட வேண்டும், எந்த வேலையை அவரவரே செய்து கொள்ளலாம் என்று பிரித்து அறிவதுதான் குழு வேளாண்மையின் முதல் பாடம்.

இரண்டரை ஏக்கருக்கு உட்பட்டு நிலம் வைத்திருப்பவரைக் குறு விவசாயி என்றும், இரண்டரை முதல் ஐந்து ஏக்கர் வரை வைத்திருப்பவரைச் சிறு விவசாயி என்றும் கூறுகிறோம். நம் நாட்டில் நிலம் வைத்திருப்போரில் பெரும்பாலோர் இவர்களே. "குழுவில் சேர்ந்தால் என் விளைச்சல் கூடுமா? கையில் காசு மிஞ்சுமா?" என்று இவர்கள் கேட்பது நியாயமே. மாதந்தோறும் கூட்டத்திற்குப் போனால் அரை நாள் வேலை கெடும். சந்தாவும் சேமிப்பும் கட்ட வேண்டும். இவற்றுக்கு ஈடாகப் பயன் கிடைக்காவிட்டால் குழு நிலைக்காது.

இதற்கான விடையைக் கொல்லிமலையின் அனுபவத்தைக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கொல்லிமலையின் நிலை

நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திற்கு மேல் பெரும்பாலும் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரப்பில் கொல்லிமலை அமைந்துள்ளது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே செல்ல வேண்டும். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு எனப் பல நாடுகளாகப் பிரிந்துள்ள இம்மலையில் மலையாளி பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். பள்ளத்தாக்குகளில் நெல் விளைகிறது. சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு முதலிய சிறுதானியங்களை வழிவழியாகப் பயிரிட்டு வந்தனர். மிளகு, காபி, பலா, வாழை, அன்னாசி ஆகியவையும் உண்டு.

சாமையில் மட்டும் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்றும், தினையில் செந்தினை, பெருந்தினை, பாலந்தினை என்றும் பல நாட்டு இரகங்களை இம்மக்கள் காத்து வந்துள்ளனர். மண்ணுக்கும் மழைக்கும் வயதுக்கும் ஏற்ப ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் உண்டு.

ஆனால், சேலம், நாமக்கல் பகுதிகளில் ஜவ்வரிசி ஆலைகள் பெருகியதால் மரவள்ளிக் கிழங்குக்குத் தேவை ஏற்பட்டது. சாலை வசதியும் வந்தது. சிறுதானியம் விளைந்த சரிவுகளில் மரவள்ளி பரவியது. உழவர்களைக் குறை கூற இதில் ஒன்றுமில்லை. கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் ரொக்கம் கைக்கு வருகிறது. சாமையை அறுத்தால் வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

தனி ஒருவரின் சாமை ஏன் கட்டுப்படியாகவில்லை?

சாமைப் பரப்பு குறைந்ததற்கு விளைச்சல் குறைவு மட்டும் காரணமன்று. பின்வரும் நான்கு காரணங்களைக் கவனித்துப் பாருங்கள்.

முதலாவது, உமி நீக்கும் வேலை. சாமை, தினை ஆகியவற்றின் மணி மிகச் சிறியது, உமி கெட்டியானது. உரலிலிட்டு உலக்கையால் குத்திப் புடைத்து அரிசி எடுப்பது முழுக்க முழுக்கப் பெண்களின் தலையில் விழுந்த கடும் உழைப்பு. நியாய விலைக் கடையில் நெல்லரிசி கிடைக்கும்போது இந்த உழைப்பை எவரும் விரும்புவதில்லை.

இரண்டாவது, பறவைகள். ஊரில் ஐம்பது ஏக்கர் சாமை இருந்தால் குருவிகள் தின்னும் தானியம் அனைவர் நிலத்திலும் பகிர்ந்து போகும். ஒரே ஒருவர் ஓர் ஏக்கரில் பயிரிட்டால் அத்தனை குருவிகளும் அவர் நிலத்திலேயே இறங்கும். அண்டை நிலங்கள் மரவள்ளிக்கு மாற மாற, எஞ்சியவரின் இழப்பு கூடுகிறது. அடுத்த ஆண்டு அவரும் மாறுகிறார்.

மூன்றாவது, விதை. தொம்பையிலும் குதிரிலும் விதை எடுத்து வைக்கும் வீடுகள் குறையக் குறைய, ஓர் ஆண்டு பயிர் தவறினால் மறு ஆண்டுக்கு நல்ல விதை கிடைப்பதில்லை. நாட்டு இரக விதையை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

நான்காவது, சந்தை. இரண்டு மூட்டைச் சாமையை வாங்குவதற்காக எந்த வியாபாரியும் மலை ஏறி வருவதில்லை. சந்தைக்குக் கொண்டு போனால் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியுள்ளது.

இந்த நான்கில் எதையும் ஒருவர் தம் நிலத்தில் கடுமையாக உழைத்து மட்டும் தீர்க்க முடியாது. இங்குதான் குழு தேவைப்படுகிறது.

கொல்லிமலைக் குழுக்கள் மேற்கொண்ட பணிகள்

1988-ல் சென்னையில் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990-களில் கொல்லிமலையில் சிறுதானியப் பாதுகாப்புப் பணியைத் தொடங்கியது. ஆண்களும் பெண்களும் அடங்கிய தன்னுதவிக் குழுக்கள் ஊர்தோறும் அமைக்கப்பட்டன. பாதுகாத்தல், பயிரிடுதல், உண்ணுதல், விற்றல் ஆகிய நான்கையும் ஒரே சங்கிலியாகக் கொண்டு பணிகள் நடைபெற்றன. நாட்டு இரகங்களைக் காக்க ஊர் விதை வங்கிகள் ஏற்பட்டன. உமி நீக்கும் இயந்திரங்களும் மாவு அரைக்கும் இயந்திரங்களும் நிறுவப்பட்டுக் குழுக்களின் பொறுப்பில் விடப்பட்டன. வீசி விதைப்பதற்குப் பதிலாக வரிசை விதைப்பும், கேழ்வரகில் வரிசை நடவும் பரப்பப்பட்டன. சாமை அரிசி, தினை அரிசி, கேழ்வரகு மாவு, ராகி மால்ட் முதலியன கொல்லிமலைப் பெயருடன் பொட்டலமிடப்பட்டு நகரங்களுக்குச் சென்றன. பின்னர் இக்குழுக்கள் ஒன்று சேர்ந்து ஒரு கூட்டமைப்பையும் ஏற்படுத்திக் கொண்டன.

கொல்லிமலைக் குழுக்கள் சேமிப்பு, கடன் ஆகியவற்றோடு நின்றுவிடவில்லை. தனி ஒருவரால் தீர்க்க முடியாதவை என்று மேலே கண்ட உமி, விதை, சந்தை ஆகியவற்றையே தங்கள் பணியாக எடுத்துக் கொண்டன. குழுவால் வருவாய் உயர்வதும் உயராததும் இந்தத் தேர்வைப் பொறுத்தே அமைகிறது.

குழுவினால் விளைச்சல் உயர்வது எப்படி?

குழுப் பதிவேட்டில் பெயர் எழுதியதும் பயிர் செழித்து வளர்ந்துவிடாது. பின்வரும் வழிகளில்தான் குழு விளைச்சலை உயர்த்துகிறது.

1. ஒரே சமயத்தில் விதைப்பு: ஊரார் கூடிப் பேசி, பருவ மழையை ஒட்டி ஒரு வார இடைவெளிக்குள் அனைவரும் விதைத்துவிட்டால் கதிர் பிடிக்கும் காலமும் ஒன்றாக அமையும். பறவைச் சேதம் பரவலாகிக் குறையும். காவலை முறை வைத்துப் பகிர்ந்து கொள்ளலாம்.

2. நல்ல விதை: குழு விதை வங்கி இருந்தால் கலப்பில்லாத, நன்கு காய்ந்த விதை உரிய காலத்தில் கிடைக்கும். அறுவடைக்கு முன்பே வயலில் நல்ல கதிர்களைத் தேர்ந்தெடுத்துத் தனியே அறுத்துக் காயவைத்துச் சேமிக்க வேண்டும். விதை வாங்கியவர் அறுவடையானதும் வாங்கிய அளவுடன் கால் பங்கு கூட்டித் திருப்பித் தரலாம். இம்முறையில் வங்கி ஆண்டுதோறும் வளரும்.

3. வரிசை விதைப்பு: சாமையை வரிசையாக விதைக்க ஏக்கருக்கு 4 கிலோ விதை போதுமானது. வீசி விதைத்தால் இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். வரிசைக்கு வரிசை ஏறத்தாழ 25 செ.மீ. இடைவெளி விட்டால் களை எடுப்பது எளிது. பயிருக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்கும். விதைப்புக் கருவியைத் தனி ஒருவர் வாங்கினால் ஆண்டில் ஓரிரு நாளே பயன்படும். குழு வாங்கினால் விதைப்புக் காலம் முழுவதும் ஓய்வின்றி ஓடும்.

4. மண் அரிப்பைத் தடுத்தல்: மலைச் சரிவில் மேல் நிலத்துக்காரர் விடும் நீர் கீழ் நிலத்துக்காரரின் மண்ணை அரித்துச் செல்லும். ஒருவர் மட்டும் வரப்பு போட்டால் மேலிருந்து வரும் வெள்ளம் அதை உடைத்துவிடும். சரிவு முழுவதும் சமமட்ட வரப்பு அமைத்து, பாத்தியும் பாரும் சரிவுக்குக் குறுக்கே இருக்கும்படி செய்வது நில உரிமையாளர் அனைவரும் கூடிச் செய்ய வேண்டிய பணி.

5. கற்றுக் கொள்ளுதல்: ஒரு விரிவாக்க அலுவலரால் வீடு வீடாகச் செல்ல இயலாது. இருபது பேர் கூடியிருக்கும் இடத்திற்கு வர இயலும். ஒரு உறுப்பினரின் நிலத்தில் அரை ஏக்கரில் புதிய முறையையும் பக்கத்திலேயே பழைய முறையையும் செய்து, இரண்டின் விளைச்சலையும் அனைவர் முன்னிலையில் எடை போட்டுப் பார்த்தால் நூறு சொற்பொழிவுகளைவிட அது நன்கு மனதில் பதியும்.

வருவாய்: ஒரு கணக்கு

இனி வருவாயைப் பார்ப்போம். கீழே தரும் விலைகள் கணக்குக்காக வைத்துக் கொண்டவை. உங்கள் ஊர்ச் சந்தை விலையை இட்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

உமி நீக்காத சாமை கிலோ ரூ. 30 என்று கொள்வோம். நூறு கிலோவை அப்படியே விற்றால் ரூ. 3,000 கிடைக்கும்.

அதே நூறு கிலோவைக் குழுவின் இயந்திரத்தில் தீட்டினால் ஏறத்தாழ 60 கிலோ அரிசி கிடைக்கும். அரிசி கிலோ ரூ. 70 எனில் ரூ. 4,200. தீட்டும் செலவு ரூ. 300, சாக்கு மற்றும் ஏற்றுமதிச் செலவு ரூ. 200 போக மீதி ரூ. 3,700. ஆக, குவிண்டாலுக்கு ரூ. 700 கூடுதல். தவிடு மாட்டுக்கு ஆகும். இவை அனைத்திற்கும் மேலாக, பெண்களின் உலக்கை வேலை மிச்சமாகிறது.

ஆனால், இந்த ரூ. 700 தானாக வருவதன்று. அது காணாமல் போக இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, தரக் குறைவு. சாமையைச் சரியாகக் காயவைக்காமலும் கல், மண் நீக்காமலும் இயந்திரத்திலிட்டால் நொய் கூடும். அறுபது கிலோவுக்குப் பதில் ஐம்பது கிலோ நல்ல அரிசிதான் கிடைத்தது என்று வைத்துக் கொள்ளுங்கள். ரூ. 3,500-ல் செலவு ரூ. 500 போனால் ரூ. 3,000. பட்ட பாடெல்லாம் வீண்.

இரண்டாவது வழி, இயந்திரத்துக்குப் போதிய வேலை இல்லாமை. தேய்மானம், பழுது, மின்கட்டணம், ஆள்கூலி எல்லாம் சேர்ந்து இயந்திரத்திற்கு ஆண்டுச் செலவு ரூ. 30,000 என்று கொள்வோம். ஆண்டில் 100 குவிண்டால் தீட்டினால் குவிண்டாலுக்கு ரூ. 300 ஆகும். உறுப்பினர்கள் 30 குவிண்டால் மட்டுமே கொண்டு வந்தால், செலவு பெரிதும் குறையாத நிலையில், குவிண்டாலுக்கு ரூ. 1,000 ஆகிவிடும். அப்போது ரூ. 4,200-ல் இந்த ரூ. 1,000-மும் சாக்கு, ஏற்றுமதி ரூ. 200-ம் போக ரூ. 3,000 தான் மிஞ்சும். அதாவது தீட்டாமல் விற்றவருக்குக் கிடைத்த அதே தொகை!

ஆகவே, இயந்திரம் மானியத்தில் கிடைக்கிறதே என்று வாங்கிவிடக் கூடாது. எத்தனை ஏக்கர், எத்தனை குவிண்டால் என்று முதலில் கணக்கெடுக்க வேண்டும். போதாவிட்டால் பக்கத்து ஊர்க் குழுவுடன் சேர்ந்து ஓர் இயந்திரம் வைத்துக் கொள்வதே சிக்கனம்.

ஏற்றுமதியிலும் இதே கணக்குத்தான். மலையிலிருந்து கீழே செல்ல வண்டி வாடகை ரூ. 3,000 எனில், ஐந்து மூட்டை ஏற்றுபவருக்கு மூட்டைக்கு ரூ. 600 ஆகும். பத்துப் பேர் சேர்ந்து ஐம்பது மூட்டை ஏற்றினால் மூட்டைக்கு ரூ. 60 தான்.

மரவள்ளி பயிரிடுவோர் கவனத்திற்கு

"நாங்கள் மரவள்ளி பயிரிடுகிறோம், எங்களுக்குக் குழு எதற்கு?" என்று கேட்கலாம். குழு மிகவும் தேவைப்படுவது உங்களுக்கே.

மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களில் அது கெடத் தொடங்கும். எனவே, பிடுங்கிய பிறகு விலை பேசுபவருக்குப் பேரம் பேசும் வலிமை இல்லை. மேலும், ஆலைக்குச் செல்லும் கிழங்குக்கு மாவுச்சத்தின் அளவைப் 'பாயிண்டு' என்று குறித்து, பாயிண்டுக்கு இவ்வளவு என விலை போடுகின்றனர். ஒரு பாயிண்டுக்கு டன்னுக்கு ரூ. 300 என்று கொண்டால், 28 பாயிண்டுக் கிழங்கு ரூ. 8,400 பெறும். அதையே 25 என்று குறித்தால் ரூ. 7,500 தான். டன்னுக்கு ரூ. 900 வேறுபாடு! பாயிண்டு பார்க்கும்போது தனி ஒரு உழவர் உடனிருந்து கேள்வி கேட்பது அரிது. குழுவாக இருந்தால் ஒருவரை அனுப்பிப் பார்வையிடச் செய்யலாம். பிடுங்கும் நாளை முறைப்படுத்தி, முன்கூட்டியே விலை பேசலாம்.

ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். ஜவ்வரிசி ஆலை உரிமையாளர்கள் 1981-லேயே 'சேகோசர்வ்' எனும் கூட்டுறவுச் சங்கத்தைச் சேலத்தில் ஏற்படுத்திக் கொண்டனர். தங்கள் சரக்கை அதன் கிடங்கில் வைத்து, டெண்டர் முறையில் விற்கின்றனர். விலை வரும் வரை காத்திருக்கும் வலிமை அவர்களுக்கு அதனால் கிடைத்தது. கிழங்கை வாங்குவோர் ஒன்றுபட்டு நிற்கும்போது, விற்போர் ஒவ்வொருவராகச் சென்றால் யார் விலை செல்லும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பூச்சிக் கட்டுப்பாட்டிலும் இதுவே நிலை. 2020-ல் கேரளத்தில் முதலில் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி பின்னர் தமிழகத்திலும் பரவிப் பெருஞ்சேதம் விளைவித்தது. இதனைக் கட்டுப்படுத்த அனகைரஸ் லோபெசி எனும் சிறு ஒட்டுண்ணிக் குளவி வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது. இக்குளவியை நிலத்தில் விட்ட பிறகு அக்கம் பக்கத்தவர் கடும் பூச்சிக்கொல்லி தெளித்தால் குளவி மடிந்துவிடும். பாதித்த நுனிகளை ஒருவர் கிள்ளி எரித்தும், அடுத்தவர் வரப்பில் வீசினால் பயனில்லை. தாக்கப்பட்ட தோட்டத்திலிருந்து விதைக் குச்சி எடுப்பதில்லை என்று ஊரே முடிவெடுக்க வேண்டும். பூச்சிக்கு வரப்பு தெரியாது.

மிளகு, காபியில் குழுவின் பணி

பணத் தேவை நெருக்கும்போது மிளகைப் பச்சையாகவோ, சரியாகக் காயாமலோ விற்றுவிடுகிறோம். நூறு கிலோ பச்சை மிளகிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உலர் மிளகு கிடைக்கும். பச்சை மிளகைக் கூடையிலிட்டுக் கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்து, சுத்தமான களத்தில் அல்லது விரிப்பில் காயவைத்தால் ஒரே சீரான கருநிறமும் நல்ல விலையும் கிடைக்கும். இதற்குப் பத்து நாள் பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நாளைக்குக் குடும்பச் செலவைத் தாங்க, குழுச் சேமிப்பிலிருந்து தரும் சிறு கடன் உதவும். சேமிப்பும் கடனும் இவ்வாறு விற்பனையோடு இணையும்போதுதான் அவை வருவாயாக மாறுகின்றன.

காபியிலும் பழுத்த பழத்தை மட்டும் பறித்துத் தோல் நீக்கிக் கழுவி உலர்த்தினால், பழத்தை அப்படியே உலர்த்துவதைவிடக் கூடுதல் விலை கிடைக்கும். தோல் நீக்கும் இயந்திரத்தை ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் கட்டுப்படியாகும். மிளகு வாடல் நோய்க்கு மழைக்கு முன் தெளிக்கும் ஒரு சத போர்டோ கலவையையும், 100 லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பும் என்ற அளவில், குழுவாகத் தயாரித்து அன்றே பயன்படுத்தலாம்.

குழு மட்டும் போதுமா?

போதாது. கொல்லிமலைச் சிறுதானியக் குழுக்களை ஆராய்ந்து 2009-ல் வெளியான பொருளாதார ஆய்வு ஒன்று, இத்தகைய பயிர்கள் சந்தையில் நிலைபெற மூன்று நிபந்தனைகளைக் கூறுகிறது. பொருளுக்குத் தேவை பெருக வேண்டும். விளைவிப்பதிலும் விற்பதிலும் திறமை கூட வேண்டும். வரத்து அளவுக்கு மீறிப் பெருகி விலை சரியாதபடி பார்த்துக் கொள்ள வேண்டும். இம்மூன்றுக்கும் கூட்டு முயற்சி தேவை. ஆயினும் கூட்டு முயற்சி ஒன்றே எல்லாவற்றையும் தந்துவிடாது.

தேவையைப் பொறுத்தவரை காலம் சாதகமாக உள்ளது. இந்திய அரசு 2018-ஐத் தேசியச் சிறுதானிய ஆண்டாகவும், ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாகவும் கொண்டாடின. நகரத்தார் சாமை அரிசியைத் தேடி வாங்குகின்றனர். ஆனால், நகரத்துக் கடையில் கொடுக்கும் விலைக்கும் மலை உழவர் பெறும் விலைக்கும் இடையே உள்ள தூரத்தைக் குழுதான் குறைக்க வேண்டும்.

குழுக்கள் கெட்டுப் போவதற்கான காரணங்களையும் அறிந்து கொள்வது நல்லது.

மானியத்திற்காக மட்டும் சேர்ந்த குழு, மானியம் வந்ததும் கலைந்துவிடும். வெளி வியாபாரி கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டிக் கேட்டால் குழுவுக்குத் தருவதாகச் சொன்ன சரக்கை அவரிடம் கொடுத்துவிடுவது மற்றொரு நோய். அவ்வாண்டு அவருக்கு இரண்டு ரூபாய் இலாபம். குழு இல்லாது போனால் அடுத்த ஆண்டு அதே வியாபாரி ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்பார். கூலிக்குப் போகும் ஏழைக் குடும்பங்களுக்கு வசதிப்படாத நேரத்தில் கூட்டம் வைத்தால் அவர்கள் தாமாகவே நின்றுவிடுவர். விதை காப்பதும் தீட்டுவதும் பொட்டலமிடுவதும் பெண்களாக இருக்க, விலை பேசுவதும் பணம் வாங்குவதும் ஆண்களாக இருந்தால் அது நியாயமும் அன்று, நிலைக்கவும் செய்யாது.

குழு அமைக்க விரும்புவோர் செய்ய வேண்டியவை

1. ஒருவரையொருவர் நன்கு அறிந்த, அருகருகே நிலமுள்ள பத்து முதல் இருபது பேர் சேரலாம். வீடுகள் சிதறியுள்ள மலைப் பகுதிகளில் ஐந்து பேர் கொண்டும் தன்னுதவிக் குழு தொடங்க இடமுண்டு.

2. முதல் கூட்டத்திலேயே, தனித்தனியே செய்ய முடியாத ஒரு வேலையை மட்டும் தேர்ந்தெடுங்கள். விதை வங்கி, கூட்டு ஏற்றுமதி, தீட்டுதல், கூட்டாக உரம் வாங்குதல் ஆகியவற்றுள் உங்கள் ஊருக்கு மிகத் தேவையானது எது என்று பேசி முடிவெடுங்கள். ஒன்று நன்கு நடந்த பிறகே அடுத்ததை எடுக்க வேண்டும்.

3. முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன், தவணை தவறாத திருப்பம், அன்றன்றே எழுதும் கணக்கு ஆகிய ஐந்தையும் கடைப்பிடியுங்கள். இவற்றையே தன்னுதவிக் குழுக்களின் பஞ்ச சூத்திரம் என்பர். நபார்டு வங்கி 1992-ல் தொடங்கிய வங்கி இணைப்புத் திட்டத்தின் வழியாக, ஒழுங்காக நடக்கும் குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கும் வழி ஏற்பட்டது.

4. எடை போடுவதை எல்லார் முன்னிலையிலும் செய்து, உறுப்பினர் கையேட்டில் உடனே குறியுங்கள். தரம் பிரித்து, தரத்துக்கேற்ப விலை கொடுங்கள். கல் கலந்த சாமைக்கும் சுத்தமான சாமைக்கும் ஒரே விலை கொடுத்தால் அடுத்த முறை அனைவரும் கல்லுடனே கொண்டு வருவர்.

5. விற்ற பணத்தில் ஒரு பகுதியை உடனே கொடுத்துவிட்டு, மீதியைக் கணக்கு முடித்தபின் கொடுங்கள். முன்பணமே கிடைக்காவிட்டால் தேவையுள்ளவர் வெளியே விற்கத்தான் செய்வார்.

6. பொறுப்பாளர்களை ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள். காசோலையில் இருவர் கையொப்பம் இருக்கட்டும்; அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்.

7. ஆண்டு முடிவில் ஒவ்வொரு உறுப்பினரும், குழுவால் விளைச்சல் எவ்வளவு கூடியது, செலவு எவ்வளவு குறைந்தது, விலை எவ்வளவு கூடியது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். மூன்றிலும் ஒன்றுமில்லை என்றால் குழுவின் பணியை மாற்றியமைக்க வேண்டும்.

அடுத்த படி

ஒரு குழு வலுப்பெற்றபின் பல குழுக்கள் இணையலாம். தமிழ்நாட்டில் 2017-18-ல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், இருபது பேர் கொண்ட ஐந்து உழவர் ஆர்வலர் குழுக்களைச் சேர்த்து நூறு பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழுவாக்கி, பண்ணைக் கருவிகள் வாங்க ரூ. 5 இலட்சம் தொகுப்பு நிதி வழங்கப்பட்டது. மத்திய அரசு 2020-ல் தொடங்கிய பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர் என்றும் மலைப் பகுதியில் 100 போதும் என்றும் விதி வகுக்கப்பட்டது. மலைவாழ் மக்களுக்கென அமைந்த, லாம்ப் என்று வழங்கும் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களையும் நாடலாம். நடப்பிலுள்ள திட்டங்களையும் மானியங்களையும் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறியவும்.

கூட்டுறவு நமக்குப் புதிதன்று. 1904-ல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் தொடங்கிய கூட்டுறவுக் கடன் சங்கமே தமிழகத்தில் முதலாவது. அதற்கும் நெடுங்காலம் முன்பிருந்தே, ஒருவர் நிலத்தில் மற்றவர் வேலை செய்து ஈடு கட்டும் வழக்கம் நம் சிற்றூர்களில் உண்டு. அந்தப் பழக்கத்தையே நாற்று நடவிலிருந்து விதைக்கும், இயந்திரத்துக்கும், எடைத் தராசுக்கும் நீட்டிக் கொள்ள வேண்டும்.

முடிவாக, சிறு நிலத்தில் உழவும் களையெடுப்பும் பயிர்ப் பாதுகாப்பும் உரிமையாளரின் கண்காணிப்பில் நன்கு நடைபெறும். அவற்றைக் குழுவுக்கு விட்டுவிட வேண்டியதில்லை. விதை, தீட்டுதல், ஏற்றுமதி, விலை பேசுதல், ஊர் முழுவதும் பரவும் பூச்சி, சரிவு முழுவதும் ஓடும் வெள்ளம் ஆகியவை தனியொருவர் கைக்கு அடங்காதவை. இவற்றைக் குழு மேற்கொண்டால் விளைச்சலும் வருவாயும் உயரும். இவற்றைத் தொடாத குழுவால் சேமிப்புப் புத்தகம் மட்டுமே நிரம்பும். வரும் விதைப்புக்கு முன் அண்டை நிலத்தாருடன் ஒரு மாலை நேரம் கூடிப் பேசி, உங்கள் ஊருக்கு வேண்டிய அந்த ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்துச் செயல்பட்டுப் பயன் பெறுவீர்களாக.